காலில் ஒரு காயம்

காலில காயம் எண்டு நான் ஏன் சொன்னன். கை எண்டு சொல்லியிருக்கலாம், தோள்மூட்டு எண்டு சொல்லியிருக்கலாம், மனிச உடம்பில எத்தினை இடம் கிடக்கு, எல்லாத்தையும் விட்டிட்டு ஒரு பந்தடிக்கிற பெடியனுக்கு முன்னால நிண்டுகொண்டு, உன்ர அப்பாவுக்குக் காலில காயமாம் தம்பி, ஆஸ்பத்திரியில கிடத்தியிருக்கினமாம் எண்டு சொல்லிப்போட்டன். செத்த மனிசனுக்கு என்னத்துக்குக் கால். செவ்வாய்க்கிழமை முடிஞ்சுபோன மனிசனை வியாழக்கிழமை பின்னேரம் கட்டிலில படுக்க வைச்சு, காலுக்குக் கட்டும் போட்டு, கோழிச் சூப்பும் பருக்கிப்போட்டு, இப்ப வெள்ளிக்கிழமை காலமை காருக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறன். மழை எண்டும் சொல்லேலாது, பனி எண்டும் சொல்லேலாது, ஜெர்மனியின்ர ஐப்பசிச் சிணுங்கல். கிளப் மைதானத்தில கார் விடுற இடத்தில என்ர காரும் புல்லு வெட்டுற மனிசன்ர வானும் மட்டும்தான். பெடியன் உள்ளுக்க போயிருக்கிறான். ட்ரெய்னரிட்டச் சொல்லிப்போட்டு, என்ர சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு வாறன் அன்ரி எண்டு போனவன். அவன்ர பை பின் சீற்றில கிடக்கு. மத்தியானம் பெரிய ஸ்டேசனடியில இருந்து உக்ரைனுக்கு பஸ் வெளிக்கிடுது. அப்பாவைப் பாக்கப் போறானாம். இல்லாத அப்பாவை. போனால் அவனைத் திரும்பி வெளிய விடமாட்டினம். பத்தொன்பது வயசு, சண்டை நடக்கிற நாடு, எல்லைக்கு உள்ளுக்க போற இந்த வயசு ஆம்பிளைக்குத் திரும்பி வாற வழி இல்லை. இது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் போறான், ஏனெண்டால் அப்பா உயிரோட கிடக்கிறார் எண்டு நான் சொல்லிப்போட்டன். அந்தக் கதவால அவன் வெளிய வாறதுக்கு முதல் என்னத்தை எப்பிடிச் சொல்லுறது எண்டு நான் யோசிச்சு முடிக்க வேணும். யோசிக்கத் தொடங்கினால் கால்தான் வருகுது. கால் எண்டு ஏன் சொன்னன்.

அவன்ர தமக்கைக்காரி போன் எடுத்தது எனக்குத்தான், அவனுக்கில்லை. ஸோரியானா எண்டு பேர், அங்க பள்ளிக்கூடத்தில ஜெர்மன் படிப்பிக்கிறவள், அதால என்னோட கதைக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். நான் குசினியில மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். கை முழுக்கச் செதில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில வைச்சுக்கொண்டு, என்ன பிள்ளை, ஒஸ்தாப் இன்னும் வரேல்லை எண்டு சொல்ல வெளிக்கிட, தெரியும், அதுதான் இப்ப எடுக்கிறன் எண்டாள். பிறகு சொன்னாள். ஒவ்வொரு சொல்லா வைச்சுச் சொன்னாள். அப்பா செவ்வாய்க்கிழமை செத்துப்போனார். உடம்பு வந்திட்டுது. சனிக்கிழமை அடக்கம். அம்மாவுக்கு அவனுக்குச் சொல்லச் சத்தி இல்லை. எனக்கும் ஏலாது, போனில சொன்னால் அவன் தனிய ஒரு அறைக்குள்ள இருந்து கேப்பான். நீங்கள் பக்கத்தில இருந்து, கையைப் பிடிச்சுச் சொல்லுங்கோ. அதோட அம்மா சொன்னதையும் சொல்லுங்கோ, வர வேண்டாமாம், புதைக்க ஒரு கிடங்கு வெட்டினது போதுமாம். நான் ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை, நான் வடிவாச் சொல்லுறன் எண்டன். வடிவா. போனை வைச்சிட்டு மிச்ச மீனையும் வெட்டினன். கழுவினன், மஞ்சள் போட்டன், புளி கரைச்சன். ஏன் எண்டு கேட்டால் தெரியாது. அவன் வாறதுக்கு இன்னும் நேரம் இருந்தது, அந்த நேரத்துக்குள்ள நான் இந்தச் சேதியை எங்கட ஆக்கள் செய்யிற மாதிரித் துண்டு துண்டா வெட்டத் தொடங்கிப்போட்டன். எங்கட சனம் செத்த சேதியைச் செத்தது எண்டு ஆருக்கும் சொல்லிறேல்லை. சோதினை எழுதுற பிள்ளைக்குச் சொல்லிறேல்லை, பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லிறேல்லை, வெளிநாட்டில இருக்கிற ஆளுக்குச் சொல்லவே சொல்லிறேல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், கடுமையா இருக்காம், ஒருக்கா வந்தால் நல்லது எண்டுதான் போன் வரும். கேக்கிற ஆள் அப்பிடியே கதிரையில குந்திவிடும். தண்ணி கேக்கும். ஒருத்தரும் செத்த கதை கதைக்கேல்லை, ஆனால் வீட்டில அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டுக்காரர் வந்திடுவினம், ரிக்கற் போடப் போறவன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு போவான். சொல்லுறவர் பாதி, கேக்கிறவர் பாதி. இதுதான் வழக்கம். நான் என்ர பாதியைச் சரியாத்தான் சொன்னனான். மற்றப் பாதியைச் செய்யிறதுக்கு அவனை ஒருத்தரும் பழக்கேல்லை எண்டது எனக்கு ஓடேல்லை. விசரி.

வந்தவன் வழமை மாதிரிச் சப்பாத்தைக் கழட்டி வெளியில வைச்சிட்டு, என்ன அன்ரி, மீனோ எண்டு கேட்டுக்கொண்டு வந்தான். இரு தம்பி எண்டன். ஈரச் சப்பாத்தைப் பற்றிப் பேசப்போறன் எண்டு நினைச்சிருப்பான், சிரிச்சுக்கொண்டுதான் இருந்தான். நான் கையைப் பிடிச்சன். அந்தப் பிள்ளை சொன்ன மாதிரிக் கையைப் பிடிச்சன், அதுவரைக்கும் எல்லாம் சரி. ஸோரியானா எடுத்தவள், அப்பாவுக்குக் காயமாம், காலிலயாம், கடுமையாத்தான் இருக்காம் எண்டன். கடுமை எண்ட சொல்லை ஜெர்மனில எவ்வளவு கடுமையாச் சொல்லலாமோ அவ்வளவு கடுமையாச் சொன்னன். எங்கட பெடியன் எண்டால் அந்த இடத்தில முகம் செத்துப்போயிருக்கும். இவன் எந்தக் கால் எண்டு கேட்டான். இடது எண்டன். இடது. இவன் இடது காலால அடிக்கிறவன், எனக்குத் தெரிஞ்ச கால் அது ஒண்டுதான், அதால அதைச் சொன்னன் போல. வெட்டிப்போட்டினமோ எண்டான். இல்லை இல்லை, வெட்டேல்லை எண்டன். நினைவு இருக்கோ. இருக்கு. சாப்பிட்டவரோ. சூப்புக் குடிச்சவராம். ஒண்டுக்கு மேல ஒண்டாக் கேக்கிறான், நான் ஒண்டுக்கு மேல ஒண்டாக் குடுக்கிறன், பள்ளிக்கூடத்தில கூட நான் இவ்வளவு கெதியாப் பதில் சொன்னதில்லை. கடைசியா இவன் முகத்தைக் கையால பொத்திக்கொண்டு அழுதான். சரி, விளங்கிட்டுது போல எண்டு நான் நெஞ்சில கை வைச்சால், கையை எடுத்திட்டுச் சிரிக்கிறான். கால்தானே அன்ரி எண்டான். கால் எண்டால் நல்லது. காலில காயம்பட்ட ஆளைத் திரும்பச் சண்டைக்கு அனுப்பமாட்டினம், வீட்டை விட்டிடுவினம், இனி அப்பா வீட்டை இருப்பார். அவனுக்குச் சந்தோசம். நான் குடுத்த சேதியில அவனுக்குச் சந்தோசம். ரெண்டு கோப்பை சோறு திண்டான், மீன்குழம்பை வழிச்சு வழிச்சுத் திண்டான், நான் பக்கத்தில நிண்டு போட்டுக்கொண்டு இருந்தன். அவனை அவ்வளவு ஆறுதலா நான் ஒரு நாளும் கண்டதில்லை. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது, சோறு திண்டுகொண்டு இருக்கிற பிள்ளைக்கு. தமக்கைக்கு அவன் எழுதிக் கேட்டான். அவள் நான் எல்லாம் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு மறுமொழி போட்டிருக்கிறாள், தைரியமா இரு, அம்மா உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறா, வராதை, இஞ்ச எல்லாத்தையும் நாங்கள் பாக்கிறம் எண்டு. அதோட அங்க கரண்ட் நிண்டுபோச்சுது. பிறகு போன் வேலை செய்யேல்லை, இப்பவும் இல்லை. அவன் அந்த நாலு சொல்லையும் திரும்பத் திரும்ப வாசிச்சான். எதையோ மறைக்கினம் அன்ரி எண்டான். என்ர நெஞ்சு அடிச்சுது. சொல்லிடு, இதுதான் நேரம் எண்டு அடிச்சுது. அவன் தானே சொன்னான், காலை வெட்டிப்போட்டினம், அதைத்தான் எனக்குச் சொல்லாமல் இருக்கினம், நீங்களும் மறைக்கிறியள், நான் போக வேணும். நான் வாயைத் திறந்தன். ரிக்கற் போட்டுப்போட்டான்.

வந்து ரெண்டு வருசத்துக்கு மேல. வெளியூர்ப் பெடியளைக் குடும்பங்களோட விட்டு வளக்கிற ஒரு வழக்கம் இந்தக் கிளப்புகளுக்கு இருக்கு. எங்கட மகன் அருணன் சின்னனில இஞ்சதான் பந்தடிச்சவன், பிறகு படிப்பு எண்டு மியூனிக்குக்குப் போட்டான், அறை சும்மா கிடந்தது, ஒரு உக்ரைன் பெடியன் வாறான், வைச்சிருப்பியளோ எண்டு கேட்டினம். என்ர மனிசன் குணசீலன், உனக்கு வேற வேலை இல்லையோ எண்டார். இல்லை எண்டன். பதினேழு வயசில வந்தவன், ஒரு பையும், கயித்தில கட்டித் தோளில போட்ட ஒரு சோடிச் சப்பாத்தும். அதுக்கு முதல் போலந்தில ஒரு கிளப் வைச்சுப் பாத்திட்டு விட்டிட்டுது, இன்னொரு இடத்தில உயரம் காணாது எண்டவையாம். இஞ்சயும் முதல் வருசம் முழுக்க ஆட இறங்காமல் வாங்கிலதான் குந்தி இருந்தவன். சனிக்கிழமை சனிக்கிழமை நானும் போய்க் குளிருக்க நிண்டு அவன் வாங்கில குந்தி இருக்கிறதைப் பாத்திட்டு வருவன். துடை பிடிச்சுக்கொண்ட நேரம் எங்கட குளிர்ப்பெட்டியில கிடந்த பட்டாணிப் பையை எடுத்துத் துடையில வைச்சுக்கொண்டு கிடந்தான், அதை நான் பிறகு கறி வைக்க, குணசீலன் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் கதை தெரிஞ்சு ஒரு கிழமை பட்டாணி தொடேல்லை. தேங்காய்ப்பால் குடுக்காதேங்கோ எண்டு கிளப்பில இருக்கிற சாப்பாட்டுக்காரி எனக்குச் சொல்லி அனுப்பினவள். தேங்காய்ப்பால் எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியாது எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன் அன்ரி எண்டு வந்து நிண்டான், வாயில தேங்காய்ப்பால் சொதி. போன மாதம்தான் முதல் முதல் பெரிய அணியில இறக்கினவை. திங்கட்கிழமை ஒப்பந்தம் எழுதுறதெண்டு சொல்லியிருக்கினம், மூண்டு வருசத்துக்கு. பந்தடிதான் இனி அவனுக்குத் தொழில். தகப்பன் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தது. ட்ராம் ஓட்டின மனிசன், சண்டை தொடங்கினாப் பிறகு துவக்குத் தூக்கினவர், பெத்ரோ எண்டு பேர். போனில தொடர்பு கிடைக்கிற இடத்தில நிண்டால் மகன்ர ஆட்டத்தைத் துண்டு துண்டாப் பாத்திட்டு எழுதுவாராம், இடப்பக்கத்தை விட்டிட்டு எங்க ஓடுறாய் எண்டு. அங்க குண்டு விழுகுது, மனிசன் இஞ்ச இடப்பக்கம் பாக்கிறார். ஒருக்கா எனக்கும் வீடியோவில காட்டினவன். கம்பளித் தொப்பி, தாடி, நல்ல பல்லு. என்னைப் பாத்து என்னவோ சொன்னார். அவனுக்கு நிறையச் சோறு குடுக்காதேங்கோ, ஓடமாட்டான் எண்டு சொல்லுறார் எண்டான். நான் சிரிச்சன், அவரும் சிரிச்சார், அவ்வளவுதான் எனக்கும் அந்த மனிசனுக்கும் உள்ள உறவு. ஒவ்வொரு ஆட்டம் முடியவும் இவன் தகப்பனுக்கு எழுதிப்போட்டு, பாத்திட்டார் எண்டு ரெண்டு சரி அடையாளம் விழுமட்டும் போனைப் பாத்துக்கொண்டு இருப்பான். இந்தக் கிழமை ஒரு சரிதான். அப்பா இன்னும் பாக்கேல்லை அன்ரி, ஏன் எண்டு தெரியேல்லை எண்டு புதன்கிழமை கேட்டவன். நேற்று நான் சொன்னாப் பிறகு, ஆ, ஆஸ்பத்திரியில எல்லோ, போன் நிப்பாட்டிக் கிடக்கும் எண்டு தானே சொல்லிக்கொண்டான். என்ர பொய் அவன்ர எல்லாச் சந்தேகத்துக்கும் வடிவாப் பொருந்துது. பாழாப்போன பொய்.

எனக்கு அவன்ர நாடு தெரியும். அவன் பிறக்கிறதுக்குக் கனகாலம் முதலே நான் அங்க இருந்தனான், கீவில, ஏஜென்சிக்காரன் எடுத்து விட்ட ஒரு மாடி வீட்டில, ஒரு அறைக்குள்ள பத்துப் பன்னிரண்டு பேர். யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு, கொழும்பில இருந்து மொஸ்கோ, பிறகு லொறியில கீவ், ஜெர்மனிக்கு அனுப்புறன் அனுப்புறன் எண்டு ஒரு மாரி முழுக்க அங்கதான் பூட்டி வைச்சவன். யன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில கிழிச்சு ஒரு கண்ணால ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பனி பாப்பம். உன்ர ஊர் எப்பிடி இருந்தது எண்டு கேட்டால் எனக்குத் தெரிஞ்சது ஒரு மதிலும் ஒரு மரமும் எண்டு ஒஸ்தாப்புக்குச் சொல்ல, விழுந்து விழுந்து சிரிச்சவன். மற்றதை நான் சொல்லேல்லை. அந்த அறையிலதான் ஒரு நாள் ஏஜென்சிக்காரன்ர போன் வந்து, எங்களோட வந்த சிவநேசன் அண்ணை எழும்பிப் போய்க் கதைச்சிட்டு வந்து, சிறிக்கு நெருப்புக் காய்ச்சலாம், கொஞ்சம் கடுமையாம் எண்டார். சிறி என்ர தம்பி. எனக்கு விளங்கினது. சத்தியமா விளங்கினது, அண்ணை என்ர முகத்தைப் பாக்காமல் சப்பாத்துக் கயித்தைப் பாத்துக்கொண்டு சொல்லேக்கையே விளங்கினது. ஆனால் காய்ச்சல் எண்டுதானே சொன்னவர். நான் அந்தக் காய்ச்சலைப் பிடிச்சுக்கொண்டன். அண்டைக்கு இருந்து காய்ச்சலுக்குத்தான் நேந்தன், காய்ச்சல் விட்டிருக்கும், கஞ்சி குடிச்சிருப்பான், எழும்பி நடந்திருப்பான் எண்டு ஒரு மாரி முழுக்கத் தம்பியை நானே சுகப்படுத்தி எடுத்தன். ஊரில பொம்பர் போட்ட குண்டில அவன் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது. பிறகு ஜெர்மனிக்கு வந்து அம்மாவோட கதைக்கேக்கை அம்மா தம்பியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொன்ன விதம். அது நல்லதோ கெட்டதோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சல் இல்லாட்டில் நான் அந்த யன்னலைத் திறந்து குதிச்சிருப்பன், அது உண்மை. அந்தக் காய்ச்சலால என்ர தம்பிக்கு நான் ஒரு பொட்டுக் கண்ணீர் விடேல்லை, அதுவும் உண்மை. ரெண்டில எது பெரிசு. ஒஸ்தாப்புக்கு நான் ஒரு காய்ச்சலைக் குடுக்கத்தான் நினைச்சன். பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நாள் இருக்கட்டும், திங்கட்கிழமை போகட்டும், கையெழுத்தைப் போடட்டும், பிறகு மெல்ல மெல்லத் தானே விளங்கும் எண்டு. அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு பஸ் ஏறுவான் எண்டு கண்டனோ.

குணசீலன் காலமை வேலைக்கு வெளிக்கிடேக்கை, நீ கட்டினதை நீயே அவிழ் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். அவருக்கு எல்லாம் கட்டும் அவிழும்தான், பொதி கட்டுற கொம்பனியில வேலை. அவிழ்க்கலாம். அவிழ்த்தால் என்ன நடக்கும். அப்பா செத்துப்போனார் எண்டு சொன்னால் செத்தவீட்டுக்குப் போறன் எண்டு நிப்பானோ. ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டாமோ, அவைக்குக் கொள்ளி இல்லை, மண் போடுறதாம். நாளைக்கு அடக்கம், பஸ் நாளைக்குப் பொழுதுபடத்தான் போய்ச் சேரும், போனாலும் மண்தான் பாப்பான். அதைச் சொல்லி மறிக்கலாம். சொல்லாமல் விட்டால். சொல்லாமல் விட்டால் எல்லையில இறங்குவான், பாஸ்போட்டைக் காட்டுவான், உள்ளுக்க போவான், வீட்டு வாசலில பூவும் மெழுகுதிரியும் நிக்கும், அப்ப விளங்கும், அப்ப கதவு பூட்டியாச்சு. பிறகு அவனுக்கும் ஒரு கம்பளித் தொப்பி, ஒரு துவக்கு. அந்தத் தாய் என்னை என்ன நினைப்பா. வராமல் மறி எண்டு என்ர கையில தந்த பிள்ளையை நான் சூப்புக் குடுத்து அனுப்பியிருக்கிறன். பாஸ்போட். பாஸ்போட் பையின்ர முன் அறையில கிடக்கு, காலமை வைக்கேக்கை கண்டனான். எடுத்துச் சீற்றுக்குக் கீழ தள்ளினால் தேடுவான், பஸ் போயிடும், அடுத்த பஸ் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வந்தால் திங்கள். கை பின்னால போச்சுது. பையின்ர இழுவையை அரைவாசி திறந்தும் போட்டன். அந்த நேரம் கண்ணாடியில ஆரோ தட்ட, கள்ளி மாதிரிக் கையை இழுத்தன். ட்ரெய்னர். நல்ல மனிசன், உயரம், மழைச் சட்டை, கண் கலங்கி இருந்தது. கண்ணாடியை இறக்கினன். திருமதி குணசீலன், அவன் சொன்னான் எண்டார். ஓம் எண்டன். நான் மறிக்கேல்லை எண்டார். என்ர தகப்பன் கால் இல்லாமல் கிடந்தால் நானும் போவன். ஆனால் அவனைத் திரும்பி விடுவினமோ. விடமாட்டினம் எண்டன். அப்ப திங்கட்கிழமை எண்டு தொடங்கினவர் முடிக்கேல்லை, கையால முகத்தை வழிச்சுக்கொண்டார். பிறகு கேட்டார், காயம் எவ்வளவு மோசம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ, நீங்கள்தானே தமக்கையோட கதைச்சது. இவருக்காவது சொல்லியிருக்கலாம். ஒரு ஜெர்மன்காரனுக்குச் செத்துப்போனார் எண்டு சொல்ல என்ன கஸ்டம். கடுமைதான் எண்டன். திரும்பவும் கடுமை. அவர் தலையை ஆட்டிப்போட்டு, அவன் பெடியளுக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறான், இப்ப வருவான் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். புல்லு வெட்டுற மெசின் மைதானத்தின்ர அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வருகுது, திரும்பிப் போகுது. நான் அதைப் பாத்துக்கொண்டு இருந்தன், பையைப் பூட்ட மறந்துபோனன்.

வந்தான். தலை ஈரம், கையில சப்பாத்து. முன் சீற்றில ஏறி இருந்து சப்பாத்தைக் காலுக்குக் கீழ வைச்சுக்கொண்டு, போவம் அன்ரி எண்டான். நான் கார்த் திறப்பைத் திருப்பி எஞ்சினை ஓட விட்டன். வைப்பர் ஓடத் தொடங்கினது. கியரில கையை வைச்சுக்கொண்டு, தம்பி, நேற்று நான் சொன்னது பொய் எண்டன். எது எண்டான். காயம் இல்லை. அப்பா இல்லை. செவ்வாய்க்கிழமை செத்துப்போனார், ஸோரியானா சொன்னவள், நாளைக்கு அடக்கம், உனக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் நான் கால் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டன். இவ்வளவு கெதியாச் சொல்லி முடிக்கிற விசயமோ இது. அவன் வைப்பர் போய் வாறதைப் பாத்துக்கொண்டு இருந்தான். பிறகு மெல்லக் கேட்டான், அம்மா உங்களை என்ன சொல்லச் சொன்னவ. வர வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவ எண்டன். உண்மைதானே, இனிப் பொய் சொல்லுறதில்லை எண்டு நினைச்சுச் சொன்னன். அவன் சிரிச்சான். கண்ணால தண்ணி வருகுது, சிரிக்கிறான். தெரியும் எண்டான். நேற்றுச் சூப்புக் குடிச்ச மனிசனை இண்டைக்குக் கொல்லுறியள், நான் பஸ் ஏறக்கூடாது எண்டதுக்காக. கோவம் இல்லை அன்ரி, அம்மா பயந்துபோய் இருக்கிறா, நீங்களும் பயந்துபோய் இருக்கிறியள். ஆனால் ஒரு கால் இல்லாத ஆளை அம்மா எப்பிடித் தனியத் தூக்குவா. எண்டு சொல்லிக்கொண்டு பெல்ற்றை இழுத்துப் போட்டான், அது டக் எண்டு பூட்டினது. நேரம் போகுது அன்ரி எண்டான்.

இனி என்ன சொல்லுறது. சத்தியம் பண்ணலாம், எந்தச் சாமியில பண்ணுறது, அவனுக்கு என்ர சாமியைத் தெரியாது. ஸோரியானாவுக்கு எடுத்தன், அடிக்கவே இல்லை. குணசீலனைக் கேள் எண்டன், அவரும் உங்கட ஆள்தானே எண்டான். ஒஸ்தாப் எண்டு கூப்பிட்டன். அதுக்குப் பிறகு வர வேண்டிய சொல் வரேல்லை, வயித்துக்குள்ள இருந்து வேற என்னவோ வந்தது. ஐயோ எண்டு வந்தது. ஐயோ பெத்ரோ எண்டு வந்தது. நான் ஒரு நாளும் தொட்டுக் கதைச்சறியாத மனிசன், அந்த மனிசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுறன். என்ர ராசா, உன்ர பிள்ளையை விட்டிட்டு எங்கையடா போனாய், அவன் ஓடுறதைப் பாக்காமல் எங்கையடா போனாய், சோறு குடுக்காதை எண்டு சொன்னியே, நான் குடுத்தனான், உன்ர பிள்ளைக்குக் குடுத்தனான், உன்னை விழுத்தினவன்ர கை அழுகட்டும் எண்டு தமிழில, நெஞ்சில அடிச்சு அடிச்சு, ஸ்ரேறிங்கில தலையை முட்டி முட்டி, எங்கட ஊரில செத்தவீட்டுப் படலையைத் தாண்டேக்கை பொம்பிளையள் எடுக்கிற அந்தக் குரலில அழுறன். நிப்பாட்டப் பாத்தன், நிக்கேல்லை. வெளியில புல்லு வெட்டுற மனிசன் மெசினை நிப்பாட்டிப்போட்டு எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அன்ரி, அன்ரி எண்டு ஒஸ்தாப் என்ர முதுகைத் தடவினான், பாவம், என்னை ஆத்திறானாம். அன்ரி, அழாதேங்கோ, நான் திரும்பி வருவன் எண்டான். நான் பெத்ரோ எண்டன். அவன்ர கை முதுகில போய் வந்துகொண்டு இருந்தது. பிறகு மெல்லப் போய் வந்தது. பிறகு ஒரு இடத்தில நிண்டிட்டுது. கனகாலமா நிண்டது, நிக்க நிக்கப் பாரம் கூடினது. நான் தலை நிமித்தேல்லை, அவன்ர முகத்தைப் பாக்கேல்லை. மற்றக் கையை நீட்டித் திறப்பைத் திருப்பி அவன்தான் எஞ்சினை நிப்பாட்டினான்.